என் அலுமாரியில் உங்கள் சுருட்டுப் பெட்டி

அண்ணே,

இன்று காலை ஒரு கல்யாணப் பெண்ணின் சேலைச் சட்டைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். உள்ளறையில் அலுமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கத்தரிக்கோலைக் கீழே வைப்பதற்குள் உங்கள் வாசனை வந்துவிட்டது. சீவிய பென்சிலின் மணம், அதற்கடியில் கருப்பட்டி போல ஓர் இனிப்பு, அதற்கும் அடியில் புகையிலையின் காரம். மேசையில் விரித்திருந்த பட்டுத் துணியை அவசரமாக மடித்துப் பொலித்தீன் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டேன். யாரோ வீட்டுப் பெண் உங்கள் வாசனையோடு மணவறையில் உட்கார வேண்டாம் என்று பட்டது.

“அறுபத்தெட்டு” என்று உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. பெட்டிக்குள் இருக்கும் ஈரம் காட்டும் மீட்டரைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் ஆளிடம் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். பிறகு, கொதித்து ஆறிய தண்ணீரில் ஸ்பஞ்சை நனைத்துப் பிழிந்து, அதற்கென்று இருக்கும் சின்ன டப்பாவில் வைத்துப் பெட்டியை மூடினார். நீங்கள் போய் வருஷம் ஒன்று தாண்டிவிட்டது. உங்கள் சுருட்டுகளில் ஒன்றைக்கூட அவர் இன்றுவரை பற்றவைக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை தவறுவதில்லை.

எனக்கு உங்கள்மேல் பொறாமை, அண்ணே. நீங்கள் இருந்தபோதும் இருந்தது. இல்லாமல் போன பிறகு கூடியிருக்கிறது. இருக்கும் ஆளோடு என்றால் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம், தேத்தண்ணியில் சீனியைக் குறைத்துக் கொடுக்கலாம். உங்களை இப்போது என்ன செய்ய முடியும்? நான் காலையில் போடும் பிரஷர் குளிசை முடிந்து எத்தனை நாள் ஆயிற்று என்று இந்த மனிதருக்குத் தெரியாது. உங்கள் ஸ்பஞ்ச் காய்ந்திருக்கிறதா என்று மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கொழும்பிலிருக்கும் மகளிடம் ஒருமுறை இதைச் சொல்லிக் குறைப்பட்டேன். “அம்மா, அந்த மாமா போய்ச் சேந்துட்டாரு. இன்னமும் அவரோட சண்டையா?” என்று சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்.

நான் ஸ்பிரிங்வெளியிலிருந்து கல்யாணமாகி அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது நீங்கள் அங்கே ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிளாக்கர். யாழ்ப்பாணத்து ஆள், தனி ஆள். என் வீட்டுக்காரர் அந்தத் தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்தைத் தூளாக்கும் வேலைக்குப் பொறுப்பான டீமேக்கர். மடுல்சீமையில் கூலியாட்களின் லயத்துக் காம்பராவில் பிறந்து, படித்து, அந்த வேலைக்கு வந்தவர். அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ். ஆனாலும் நீங்கள் இருவரும் காலையில் “குட் மோனிங்” சொல்வதோடு சரி. உங்களை ஒன்று சேர்த்தது அந்த ஊரின் பனிமூட்டம்தான். எனக்கு அந்தப் பனியின் மேலும் கோபம் உண்டு.

ஊரிலிருந்து உங்கள் அக்கா சுருட்டுக் கட்டுகள் அனுப்புவார். உங்கள் ஊர் வெயிலில் சுற்றிய சுருட்டுக்கு எங்கள் ஊர் ஈரம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பின்னேரம் அந்தக் கட்டைக் கையில் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தீர்கள்.

“உதைப் பாருங்கோ டீமேக்கர். வந்து ஒரு மாசம் ஆகேல்லை, நரைச்சுப் போச்சு.”

சுருட்டு முழுவதும் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். அவர் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, “காத்து ஈரமா இருக்குங்க. கொழுந்துக்கு ஈரம் பாக்குறவன் இதுக்குப் பாக்க மாட்டேனா?” என்றார். ஒரு தெர்மாமீட்டரைச் சும்மாவும் இன்னொன்றை ஈரத்துணி சுற்றியும் தொங்கவிட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் காற்றில் எவ்வளவு ஈரம் என்று சொல்வது அவருடைய தினசரி வேலை. அன்றைக்கு அந்த இரண்டு தெர்மாமீட்டர்களையும் எங்கள் சமையலறைச் சுவரில் கொண்டுவந்து மாட்டினார். நீங்கள் இரண்டு பேரும் அதன் முன்னால் நின்றீர்கள், ஏதோ பிள்ளையின் காய்ச்சலைப் பார்ப்பது போல. நான் சோற்றுப் பானையை இறக்க வழி கேட்டும் ஒருவரும் நகரவில்லை.

முதலில் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வைத்துப் பார்க்கலாம் என்று பேச்சு வந்தது. அங்கே சூடான காற்று ஓடும், காய்ந்துவிடும். ஆனால் அவர் ஒரே நாளில் அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். தேயிலை, பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையைக் குடித்துவிடும். கொழும்பில் தேத்தண்ணியை வாயில் வைத்துப் பார்ப்பவருக்குச் சுருட்டு மணம் தட்டுப்பட்டால் இவருடைய வேலை போய்விடும். தேயிலைக்கு அவ்வளவு அக்கறை. ஆனால் கொண்டுவந்து எங்கே வைத்தார்? என் அலுமாரியில். மேல் தட்டில். என் கூறைச் சேலைக்குப் பக்கத்தில்.

“அது நான் சேலை வக்கிற எடங்க” என்றேன்.

“வீட்டுலயே ஈரம் ஏறாத எடம் அதுதான் மல்லி. சேலைக்கு நல்லதுன்னா இதுக்கும் நல்லதுதானே?”

நீங்கள் வாசலில் நின்று, “தங்கச்சி, கோவமோ?” என்று கேட்டீர்கள்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லைங்கண்ணே” என்றேன். பொய். மகளின் கல்யாணத்துக்கு அந்தச் சேலையை எடுத்து உடுத்தியபோது, சபையில் என்னைக் கட்டிப்பிடித்த சம்பந்தியம்மா மூக்கைச் சுருக்கியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

பிறகு உங்கள் தம்பி கனடாவுக்குப் போனார். அங்கிருந்து ஒருமுறை வந்தபோது இந்தச் செந்நிற மரப்பெட்டியையும் பளபளவென்ற தடித்த சுருட்டுகளையும் ஊசி வைத்த மீட்டரையும் கொண்டுவந்து கொடுத்தார். அதோடு உங்கள் இருவருக்கும் பைத்தியம் முற்றியது. எழுபதுக்கு மேலே போனால் பூஞ்சணம், அறுபத்தைந்துக்குக் கீழே வந்தால் தோல் வெடிக்கும். மீட்டர் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க என் ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைக் காலி செய்து கழுவினீர்கள். அதற்குள் உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, மீட்டரையும் உள்ளே வைத்து, இறுக மூடி ஒரு நாள் விட்டீர்கள். உப்புக்கு ஊசி எழுபத்தைந்தில் நிற்க வேண்டுமாம். மறுநாள் போத்தலைச் சுற்றி இரண்டு பேரும் குனிந்து பார்த்துக் கைதட்டிச் சிரித்தீர்கள். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஊறுகாயைச் சட்டியில் வைத்துக்கொண்டு நான் சமையலறையில் நின்றேன்.

இதையெல்லாம் விட எனக்கு எரிந்தது வேறொன்று. பின்னேரங்களில் குவார்ட்டர்ஸின் பின்னால் பலகையில் உட்கார்ந்து ஆளுக்கொரு சுருட்டைப் பற்றவைத்துக்கொள்வீர்கள். தேத்தண்ணியோடு நான் வரும்போது தூரத்திலிருந்தே அவருடைய குரல் கேட்கும். மெதுவாக, விட்டுவிட்டு, என்னோடு பேசும்போது வராத ஒரு குரல். நான் பக்கத்தில் வந்ததும் நின்றுவிடும். தட்டை வைப்பேன். நீங்கள் “நன்றி தங்கச்சி” என்பீர்கள். நான் திரும்பிக் கதவைத் தாண்டிய பிறகு குரல் மறுபடி தொடங்கும்.

“என்னங்க பேசிக்கிட்டிருந்தீங்க?” என்று பிறகு கேட்டால், “ஒண்ணுமில்ல” என்பார்.

ஒன்றுமில்லாததை ஒரு மனிதன் ஒரு மணித்தியாலமாகப் பேசுவானா, அண்ணே?

அவருக்குப் பென்ஷன் வந்து பதுளை டவுனுக்கு வெளியே இந்தச் சின்ன வீட்டுக்குக் குடிவந்தபோது பெட்டி உங்களிடமே திரும்பிப் போனதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். நீங்களும் அதே வருஷம் ஓய்வு பெற்றீர்கள். இனி யாழ்ப்பாணம் போய்விடுவீர்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நீங்களோ அப்புத்தளை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டீர்கள். “இஞ்சத்தைக் குளிர் பழகிப்போச்சு, ஊர் வெக்கை இனி ஏலாது” என்றீர்கள். குளிராவது ஒன்றாவது. யாருக்காக அங்கே இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே ரயிலில் வந்து இறங்கிவிட்டீர்கள். ஒரு கையில் என் பெயருக்கு, கறிக்கு ஒரு கட்டு லீக்ஸ். மற்றக் கையில், சால்வையில் சுற்றிய பெட்டி.

“தங்கச்சி, அங்க என்ர அறைக்குள்ள உடுப்பே பூஞ்சணம் பிடிக்குது. பதுளை கொஞ்சம் காய்ஞ்ச இடம். இதுகள் இஞ்ச இருக்கட்டும், என்ன?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அலுமாரியைத் திறந்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் வந்தீர்கள். ஒரு கட்டு லீக்ஸைக் கொடுத்துவிட்டு என் வீட்டுக்காரரைப் பின்னேரம் முழுவதற்கும் கூட்டிக்கொண்டு போனீர்கள். சக்களத்தி என்றால் கூட நாலு பேரிடம் சொல்லி அழலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

நியாயமாக ஒன்றையும் எழுத வேண்டும். ஒரு ஞாயிறு நீங்கள் உள்ளே வரும்போதே வாசலில் நின்று, “தங்கச்சி, புதுக் கண்ணாடியோ? வடிவா இருக்கு” என்றீர்கள். நான் அந்தக் கண்ணாடியைப் போட்டு அப்போது பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, “ஓ” என்றார். என் வீட்டில் என் முகத்தைப் பார்ப்பவர் நீங்களாக இருந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆடி மாசம் பதுளையில் வறண்ட கச்சான் காற்று அடிக்கும். உதடு வெடிக்கும், உங்கள் சுருட்டுக்கும் ஆபத்து. அப்படி ஒரு ஆடியில் நான் கடும் காய்ச்சலில் படுத்திருந்தேன். மத்தியானம் கண்ணைத் திறந்தபோது அவர் அறைக்குள் வந்தார். கையில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணி. எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் எனக்கு நெற்றியில் துணி போட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். காலடிச் சத்தம் கட்டிலைத் தாண்டிப் போனது. அலுமாரிக் கதவு திறந்தது.

கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். கையில் துணி. அலுமாரிக்கும் எனக்கும் நடுவில் ஒரு கணம் நின்றார். “அம்பத்தெட்டுக்கு வந்துருச்சு மல்லி” என்றார் மெல்ல. பிறகு போய் இன்னொரு துணியை நனைத்துக்கொண்டுவந்து என் நெற்றியில் போட்டார். இரண்டாவது துணி. அந்தத் துணி எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தும் எனக்குக் காய்ச்சல் இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு இதை அவர் உங்களிடம் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. நீங்கள் நேரே என்னிடம் வந்து, “தங்கச்சி, அவருக்கு நான் நல்லாப் பேசிப்போட்டன்” என்றீர்கள். எனக்காக என் வீட்டுக்காரரைத் திட்டும் உரிமையும் உங்களுக்குத்தான் இருந்தது.

நீங்கள் போனது தூக்கத்திலேயே. ஸ்டேஷன் பக்கத்து வீட்டுக்காரர் போனில் கோல் எடுத்துச் சொன்னார். என் வீட்டுக்காரர் முதல் பஸ்ஸில் போனார். கனடாவிலிருந்து தம்பி போனில் பார்த்துக்கொண்டிருக்க, அவர்தான் கொள்ளி வைத்தார். உங்கள் உடுப்புகளையும் கட்டிலையும் அங்கிருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். பெட்டிதான் ஏற்கெனவே என் அலுமாரியில் இருந்ததே. என் முன்னால் அவர் அழவில்லை. குளித்துவிட்டு வந்து அலுமாரியைத் திறந்தவர், அந்தக் கதவுக்குப் பின்னால் நெடுநேரம் நின்றார். கதவுக்குக் கீழே அவருடைய கால்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. நான் போகவில்லை. அங்கே எனக்கு இடமில்லை என்று தோன்றியது.

அதன் பிறகு அவர் பேச்சே குறைந்துவிட்டது. ஒருநாள் கேட்டேன், “குடிக்கவே போறதில்லைன்னா அத எதுக்கு வச்சிருக்கீங்க?”

“தனியாக் குடிச்சா நல்லாருக்காது.”

“அப்ப யாருக்காவது குடுத்துருங்க.”

“காஞ்சு போயிடும்ல. அவங்களுக்குப் பாக்கத் தெரியாது.”

இப்படியே இருந்திருக்கும். இந்த மார்கழியில் மழை பிடித்துக்கொண்டது. நீங்கள் இருந்திருந்தால் ரயில் ஓடாமல் அப்புத்தளையில் மாட்டியிருப்பீர்கள். அங்கங்கே மண்மேடு சரிந்து பாதைகள் மூடியிருந்தன. கரண்ட் போனால் நாள் கணக்கில் வரவில்லை. சுவரில் தண்ணீர் வியர்த்தது. அந்த ஈரத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. த்ரீவீலில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வீட்டுக்கு விடாமல் வார்ட்டில் மறித்துக்கொண்டார்கள். வாயில் ஒட்சிசன் முகமூடி போட்டு அவரைப் படுக்க வைத்திருந்ததைப் பார்த்தபோது, உங்கள் ஞாபகமே எனக்கு வரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் பின்னேரம் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். பஸ் இல்லை. பாதி வழி நடந்து, முழங்கால் வரை சேற்றுத் தண்ணீர், குடை காற்றில் திரும்பி உடைந்துபோய், தொப்பலாக நனைந்து போய்ச் சேர்ந்தேன். என்னைக் கண்டதும் அவர் முகமூடியை விலக்கினார்.

“மழ இப்பிடி அடிக்குதே மல்லி… பெட்டியத் தொறந்து பாத்தியா?”

கஞ்சிப் பாத்திரத்தைச் சின்ன மேசையில் டொக்கென்று வைத்தேன்.

“நான் எப்பிடி வந்தேன்னு கேக்க மாட்டீங்களா?”

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “நீதான் வந்துட்டியே” என்றார். “அது வீட்டுல தனியா இருக்கு.”

அடுத்த கட்டில்காரர் சிரித்துவிட்டார். நான் கஞ்சியை ஊட்டிவிட்டு, திரும்பி நடந்தேன். வழி முழுவதும் உங்களோடுதான் சண்டை. நாற்பது வருஷம் சமைத்துப் போட்டவள் நான். அவருடைய அம்மா படுக்கையில் கிடந்தபோது துடைத்துவிட்டவள் நான். நீங்கள் என்ன செய்தீர்கள்? பக்கத்தில் இருந்து புகை விட்டீர்கள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலை அந்தப் பெட்டியைத் தொலைப்பதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். பெட்டியை அவர் கேட்டார், பார்த்தேன், பழுதாய்ப் போயிருந்தது, எறிந்துவிட்டேன். அவரிடம் சொல்ல அவ்வளவுதான் கதை.

போய் ஈரச் சேலையைக்கூட மாற்றவில்லை. அலுமாரியைத் திறந்து பெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். வீட்டுக்குப் பின்னால் வடிகால் கானில் மழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. பெட்டியைத் திறந்தேன். பொய் சொல்லத் தேவையே இருக்கவில்லை. மீட்டர் எண்பத்திரண்டில் நின்றது. மேல் வரிசைச் சுருட்டுகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. மரத்தின் மூலைகளிலும் பூத்திருந்தது. கையைக் கவிழ்த்தால் போதும்.

கவிழ்க்கவில்லை. இரக்கப்பட்டு இல்லை, அண்ணே, அப்படி நினைத்துக்கொள்ளாதீர்கள். கானைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஒன்று விளங்கியது. இப்போது நீங்கள் என் மேல் தட்டில் ஒரு முழ நீளப் பெட்டிக்குள் இருக்கிறீர்கள். கதவை மூடினால் மூடிக்கொள்வீர்கள். இதைத் தண்ணீரில் விட்டால் நீங்கள் வீடு முழுவதும் ஆகிவிடுவீர்கள். அவர் சாகும்வரை அந்த வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவு பெரிய ஆளாக உங்களை ஆக்க எனக்கு மனமில்லை.

உள்ளே வந்து போனை எடுத்தேன். பக்கத்துக் கட்டில்காரர்தான் எடுத்து அவரிடம் கொடுத்தார்.

“எண்பத்திரண்டு” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுமுனையில் மூச்சு இழுப்பது கேட்டது. “ஸ்பஞ்ச எடுத்துரு மொதல்ல. எத்தனைல பூத்திருக்கு?”

“மேல் வரிச பூராவும். கீழ பரவாயில்ல.”

“நுனிய வுடு. பத்த வைக்கிற பக்கம், வெட்டுப்பட்ட அடி இருக்குல்ல, அதப் பாரு. அவரு சொல்லுவாரு, ‘அடியைப் பாருங்கோ, அடி சுத்தமெண்டா மிச்சத்தைத் துடைச்சுப்போடலாம்’னு. அடில பூத்தது உள்ளயும் பூத்திருக்கும். அது வேணாம்.”

ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அத்தனை வருஷம் என் அலுமாரியில் இருந்தும் அதுவரை நான் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. காய்ந்த வாழை மட்டை போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. தோல் போல மெத்தென்று இருந்தது. நான் சொல்லச் சொல்ல அவர் கேட்டார். “இது அடில ஒரு புள்ளி மாதிரி இருக்குங்க.” “எவ்வளவு?” “கடுகு அளவு.” “வேணாம், எடுத்துரு.” “இது சுத்தமா இருக்கு.” “அப்பிடியா? அமுக்கிப் பாரு, ரொம்ப அமுக்காத.” கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இப்படி நீளமாகப் பேசியதே இல்லை என்று நினைக்கிறேன். குழந்தை, காசு, சாமான், வாடகை என்று பேசியிருக்கிறோம். இப்படிப் பேசவில்லை.

நடுவில் கேட்டுவிட்டேன். “நீங்க ரெண்டு பேரும் அப்பிடி என்னதாங்க பேசுவீங்க?”

“இதத்தான்” என்றார். “ஈரம், காத்து, எல.” கொஞ்சம் இருமினார். “வேற என்ன பேச?”

அதற்குள் என் போனில் சார்ஜ் முடிந்து குரல் அறுந்துவிட்டது.

மிச்சத்தை நானே செய்தேன். பெட்டியின் உள்ளே, புண்ணுக்குப் போடும் ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்தேன். காயவைக்க வெயிலும் இல்லை, கரண்டும் இல்லை. என் பழைய கரி இஸ்திரிப் பெட்டியை எடுத்து, கனலைச் சமையலறைக்கு வெளியே நன்றாக விசிறிச் சாம்பலை ஊதிவிட்டு, சட்டைக்கு உள்துணி கொடுக்கும் பொப்லின் துண்டுகளை மொறுமொறுவென்று தேய்த்தேன். ஆறவிட்டு அவற்றைப் பெட்டிக்குள்ளும் அலுமாரித் தட்டிலும் விரித்தேன். அப்படிக் காய்ந்த துணி காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். தையல்காரி எனக்கு அது தெரியும். துணி தளர்ந்ததும் எடுத்து, மறுபடி தேய்த்து, மறுபடி விரித்தேன். அவர் வார்ட்டில் இருந்த நாளெல்லாம் காலையும் மாலையும் இதே வேலை. பக்கத்து வீட்டில் சார்ஜ் ஏற்றிக்கொண்டுவந்து பின்னேரம் கோல் எடுப்பேன். “எழுபத்தேழு” என்பேன். “நல்லது” என்பார். மறுநாள் “எழுபத்திமூணு.” அவருடைய மூச்சும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இலேசாவது போனிலேயே தெரிந்தது. இரண்டு கணக்கையும் நான் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கு, நினைத்தது போலவே, உடுப்பு மாற்றுவதற்கு முன்னால் அலுமாரியைத் திறந்தார். நான் கதவோரத்தில் நின்றேன். பொப்லின் துண்டு ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்தார்.

“இது என்னா?”

“தேச்ச துணி. ஈரம் இழுக்கும்.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல.”

மீட்டரைப் பார்த்தார். சுருட்டுகளைப் பார்த்தார். “அவருக்குக்கூட இது தோணியிருக்காது மல்லி” என்றார்.

எத்தனை வருஷமாக நான் காத்திருந்த சொல், அண்ணே. உங்களை நான் வென்றுவிட்டேன். ஆனால் அந்த நேரம் அவர் கண்கள் கலங்கியிருந்தன. நீங்கள் இருந்திருந்தால் இந்தச் செய்தியை அடுத்த ஞாயிறு உங்களிடம்தான் ஓடிவந்து சொல்லியிருப்பார். வென்றும் எனக்கு ருசிக்கவில்லை.

இந்த மடலை எழுத வைத்தது அது இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

மழை விட்டுப் பின்னேரம் வெளித்திருந்தது. அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பின்பக்கம் கதிரையில் இருந்தார். நான் தேத்தண்ணியோடு போனேன். வழக்கம் போலக் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், ஒரு கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று தீர்மானித்திருந்தேன். எவ்வளவு கஷ்டம் அது! சமையல் கேஸ் முடியப் போகிறது என்று சொல்ல வந்தது. மகள் கோல் எடுத்தாள் என்று சொல்ல வந்தது. கூரையில் ஒழுக்கு, குளிசை, பக்கத்து வீட்டு நாய் என்று ஒவ்வொன்றும் நாக்கு நுனிவரை வந்தது. எல்லாவற்றையும் தேத்தண்ணியோடு விழுங்கினேன். அவர் நமுனுகுல மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேகம் அதன் தோளிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது.

“மச்சான்” என்றார் திடீரென்று.

அந்தச் சொல்லால் அவர் இந்த உலகத்தில் உங்களை மட்டும்தான் கூப்பிடுவார். நான் அசையவில்லை. அவர் என் பக்கம் திரும்பவும் இல்லை. மலையைப் பார்த்தபடியே, அந்தக் குரலில், நான் தட்டோடு வரும்போதெல்லாம் நின்றுபோன அதே மெதுவான குரலில் சொன்னார்.

“ஆஸ்பத்திரியில பயந்துட்டேன் மச்சான். செத்துருவேன்னு இல்ல. மல்லி தனியா என்ன பண்ணுவான்னு.”

எனக்கு முதலில் பற்றிக்கொண்டுதான் வந்தது. அவ்வளவு நேரம் வாயைக் கட்டி உட்கார்ந்திருந்தவள் நான், பதில் கிடைத்தது உங்களுக்கு. “நான்தாங்க மல்லி, இங்கதான் இருக்கேன்” என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லியிருந்தால் அவர் திடுக்கிட்டிருப்பார். “ஒண்ணுமில்ல” என்றிருப்பார். வாய் தவறி வந்த சொல்தான் அது. அது தவறியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

“ம்” என்றேன், நீங்கள் சொல்வது போலத் தாழ்ந்த குரலில்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். “அவ முழங்கால் வரைக்கும் நனஞ்சு வந்தா. பாக்க முடியல. அதான் பெட்டியக் கேட்டேன்” என்றார்.

ஈரம், காற்று, இலை என்று என்னிடம் சொன்னாரே, அண்ணே. இத்தனை வருஷமும் பலகையில் இருந்து நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தது இதையா? என்னைப் பற்றி என்னிடம் சொல்லாததையெல்லாம் நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, “நன்றி தங்கச்சி” என்று தேத்தண்ணியையும் வாங்கினீர்களா? அன்றைக்குப் பட்ட பொறாமை போல நான் என் வாழ்நாளில் பட்டதில்லை. அதைப் போல ஒரு நிறைவும் பட்டதில்லை. இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

நாளைக்கு ஞாயிறு. மறுபடியும் போய் உட்காருவேன். பேசமாட்டேன். மச்சான் என்று கூப்பிட்டால் “ம்” என்பேன். அந்தப் பெயர் உங்களுடையது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை இனி உங்களிடம் திருப்பித் தரப்போவதில்லை.

தங்கச்சி
மல்லி